1894இல் கட்டிய டெரஸ் வீடு: முன்சுவரில் ஈரம், தெரு முழுக்க ஒரே முகம். விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்

தேன்கூடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மூன்று மாதத்துக்கு முன்னால் வடகிழக்கு லண்டனில் வால்தம்ஸ்டோவில் ஒரு டெரஸ் வீடு வாங்கினோம். அம்மாவிடம் போனில் சொன்னதும் "வடாம் காயப் போட வசதியாப் போச்சு" என்று சந்தோஷப்பட்டார். இங்கே டெரஸ் என்றால் மொட்டை மாடி இல்லை, சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கிற வீடு என்று விளக்கியதில் அவருக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது. மீதியை இந்த ஈரம் தின்றுவிட்டது.

முன்னறையில், சுவரைவிட்டு வெளியே புடைத்து நிற்கிற பே சன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்குச் சுவர் ஊறிப்போயிருக்கிறது. பெயிண்ட் உப்பி, வெள்ளையாகப் பொடி பூக்கிறது. ஒரு கம்பெனியைக் கூப்பிட்டோம். ஆள் வந்தார், கையடக்கமான ஒரு மீட்டரைச் சுவரில் குத்தினார், அது கீச்சென்று கத்தியது. உள்பூச்சை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொத்தி எடுத்து, சுவரில் வரிசையாகத் துளைபோட்டு ரசாயனம் ஏற்றி, மேலே நீர்புகாத சிமென்ட் பூச வேண்டுமாம். நாலாயிரம் பவுண்ட்.

அதைக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் சுவரை முறைத்துப் பார்த்துப் பார்த்து வேறு கேள்விகளும் சேர்ந்துவிட்டன. இரண்டு வீடு தள்ளி மாடிச் சன்னல்களுக்கு நடுவே "1894" என்று கல்லில் பொறித்திருக்கிறது. முன்பக்கம் நல்ல மஞ்சள் செங்கல், சன்னல் வளைவுகளுக்கு மட்டும் சிவப்புச் செங்கல். பின்பக்கம் போனால் கோணல்மாணல், கருகல், பொத்தல். ஒரே வீட்டில் ஏன் இப்படி? பே சன்னல் தூண்களின் தலையில் இலையும் பூவுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். தென்லண்டன் டூட்டிங்கில் இருக்கும் நண்பன் வீட்டிலும் அச்சு அசல் அதே பூ. நடுவில் தேம்ஸ் ஆறே ஓடுகிறது, பூ மட்டும் எப்படிக் கடந்தது?

---

மூக்குக்கண்ணாடி

காசைக் கொடுத்துவிடாதீர்கள். லீட்ஸில் பதினாறு வருடமாக வீடுகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதுகிற வேலை எனக்கு. அந்த மீட்டர் மரத்துக்காக அளவு வகுத்தது. இரண்டு முனைகளுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதைத்தான் அது காட்டும். உப்புப் பூத்த பழைய பூச்சில் குத்தினால், சுவர் காய்ந்திருந்தாலும் கத்தும்.

முதலில் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். வெளியே தரை எந்த உயரத்தில் இருக்கிறது? முன்சுவரின் அடியில், பலகைத்தரைக்குக் கீழே காற்றுப் போகத் துளைபோட்ட வார்ப்பிரும்பு அல்லது சுட்டமண் காற்றுக்கல் தெரிகிறதா? கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்து வெளிர் நிறத்தில், நகத்தால் சுரண்டினால் உதிர்கிறதா, அல்லது சாம்பல் நிறத்தில் இரும்பு மாதிரி இருக்கிறதா?

---

ஈ6_அண்ணை

தம்பியோ தங்கச்சியோ தெரியேல்ல, மூக்குக்கண்ணாடி சொல்லுறதைக் கேளும். நான் பட்டுத் தெளிஞ்சவன்.

1991இல ஈஸ்ட்ஹாமில வீடு வாங்கினனான். அப்ப எங்களுக்கு வீடெண்டால் வீடு, அவ்வளவுதான். ஒரு வீட்டில மூண்டு குடும்பம் இருந்த காலம். முன்சுவர் பழசாக் கிடக்கு எண்டு கல்லுக்கு மேலால வெள்ளைப் பெயிண்ட் அடிச்சன். பின்சுவரில கல்லிடுக்கெல்லாம் கொட்டுண்டு கிடந்தது. ஊரில செய்யிற மாதிரி நல்ல சீமெந்து குழைச்சு நானும் மச்சானும் ரெண்டு சனி ஞாயிறு நிண்டு அடைச்சம். கல்லு மாதிரி இறுகிச்சுது. எவ்வளவு பெருமை!

அஞ்சாறு விண்டர் போகக் கல்லின்ர முகம் பொருக்குப் பொருக்காக் கழண்டு விழத் தொடங்கிச்சுது. சீமெந்து அப்பிடியே நிக்குது, கல்லு உள்ளுக்குப் போயிட்டுது. இப்ப பார்த்தால் தேன்கூடு மாதிரி. (உம்மடை பேரைச் சொல்லேல்ல!)

---

மூக்குக்கண்ணாடி

அண்ணன் சொன்னதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்த வீடுகளின் சுவர் ஒன்பது அங்குலம், நடுவில் காற்றிடைவெளி இல்லாத திண்ணமான சுவர். இடைவெளி விட்டு இரட்டைச் சுவர் எழுப்பும் முறை பரவலானது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். ஒன்பது அங்குலச் சுவர் மழையைத் தடுப்பதில்லை. குடித்துவிட்டு, வெயிலும் காற்றும் வரும்போது வெளியே விடுகிறது. விடுகிற வழி சுண்ணாம்புச் சாந்து. கல்லைவிட மெத்தென்று இருப்பதால் ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பும் அதில்தான் பூக்கும். பல பத்தாண்டுக்கு ஒருமுறை சாந்து தேயும், சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பார்கள். தேய்வதுதான் அதற்கு வேலை.

சிமென்ட் வைத்தால் அந்தக் கதவு அடைபட்டது. இனி ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே தங்கியிருக்கும்போது உறைபனி வந்தால் நீர் பனிக்கட்டியாகி விரியும். கல்லின் சுட்ட மேல்தோல் பிய்த்துக்கொண்டு போகும். மேலே பெயிண்டும் அடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டின் உள்ளேயும் இதே கதை. கட்டிய காலத்தில் அறைக்கு அறை கரி அடுப்பு. எரியும்போது அறைக்காற்றை மொத்தமாக இழுத்துப் புகைபோக்கி வழியாக மேலே அனுப்பும். மேலும் கீழுமாகச் சறுக்கும் சாஷ் சன்னலின் இடுக்கு வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். குளிரத்தான் செய்யும், ஆனால் சுவர் உலர்ந்திருக்கும். 1956இல் புகை ஒழிப்புச் சட்டம் வந்தது, பிறகு கேஸ் வந்தது, அடுப்பு வாயை அடைத்தார்கள், சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டார்கள். இப்போது நாம் உள்ளேயே துணி காயப்போட்டு, குக்கரில் நாலு விசில் வைத்து, சன்னலைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டு வீட்டைக் குறை சொல்கிறோம்.

---

பட்டறிவு

மன்னிக்கணும், கொஞ்சம் அதிகமாகப் புகழ்கிறீர்கள். இவை லாபத்துக்காக அவசர அவசரமாக எழுப்பிய தொழிலாளர் வீடுகள். மலிவாகக் கட்டிவிட்டு ஓடுகிறவனுக்கு 'ஜெரி பில்டர்' என்று பட்டம் கொடுத்ததே அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள்தான். நான் ஹாரோவில் 1930களின் வீட்டில் இருக்கிறேன். இரண்டு பக்கம் வெளிச்சம், அகலமான கூடம், மேலே குளியலறை. உங்கள் வீட்டில் கூடம் என்பது மூன்றடி நடை. சைக்கிளை வைத்தால் ஆள் போக முடியாது. சன்னல் வரிக்குப் பயந்து சன்னலைக் குறைத்துக் கட்டியவர்களை என்ன பாராட்டுவது?

---

நிலா_லிவர்பூல்

சன்னல் வரிக் கதை இங்கே பொருந்தாது, பட்டறிவு சார். அந்த வரி 1851இலேயே போய்விட்டது. கண்ணாடி வரி 1845இல், செங்கல் வரி 1850இல். தேன்கூடு வீடு 1894. மூன்று வரியும் நீங்கிய பிறகு ஒரு தலைமுறை கழித்துக் கட்டிய வீட்டில்தான் இவ்வளவு பெரிய பே சன்னல், பெரிய கண்ணாடிகள், கணக்குப் பார்க்காமல் செங்கல். பழைய சாஷ் சன்னலில் சிறுசிறு கட்டமாக ஆறும் ஆறும் பன்னிரண்டு கண்ணாடி இருக்கும். இதில் மேலே இரண்டு, கீழே இரண்டு, சில நேரம் ஒன்றே ஒன்று. கண்ணாடி பெரிதாகிக் கனம் கூடியது, நடுச்சட்டங்கள் குறைந்தன. அதனால் மேல்சட்டத்தின் இரண்டு முனையிலும் கொம்பு மாதிரி மரத்தை நீட்டிவிட்டு மூட்டைப் பலப்படுத்தினார்கள். அந்தக் கொம்பு இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா கால நடுப்பகுதிக்குப் பிறகு செய்த சன்னல்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். நான் கட்டடக்கலை படிக்கிறேன், எனக்குப் பிடித்த இடம் இதுதான். தேன்கூடு, உங்கள் தூண்தலைப் பூவை யாரும் உங்கள் வாசலில் ஏணி போட்டுச் செதுக்கவில்லை. பட்டியலைப் பார்த்து, இத்தனை வேண்டும் என்று கடையில் வாங்கி வந்து பொருத்தியவை. சில கல்லில் செய்தவை, பல அச்சில் வார்த்த செயற்கைக் கல் அல்லது டெரகோட்டா. ரயில் வந்த பிறகு டூட்டிங் கொத்தனாரும் வால்தம்ஸ்டோ கொத்தனாரும் ஒரே வகைச் சரக்கை வாங்க முடிந்தது. கூரைச் சிலேட்டு வடவேல்ஸ் மலைகளிலிருந்து வந்தது. அதில் அளவுகளுக்கு 'டச்சஸ்', 'கவுண்டஸ்', 'லேடி' என்று பிரபுக்கள் வீட்டுப் பெண்களின் பட்டப்பெயர்! நடைவழித் தரையில் நிறநிறமான ஓடு இருந்தால், அது மின்டன், மா கம்பெனி மாதிரித் தொழிற்சாலைகள் பரப்பிய மோகம். அந்தப் பூ ஓட்டில் வண்ணம் மேலே தீட்டியதில்லை, வேறு நிறக் களிமண்ணை உள்ளே பதித்துச் சுட்டது. அதனால்தான் நூறு வருடம் செருப்புத் தேய்த்தும் கோலம் அழியவில்லை.

இலைத் தூண்தலை எங்கிருந்து வந்தது? வெனிஸிலிருந்து. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1851 முதல் 1853 வரை வெனிஸ் கட்டடங்களைப் பற்றி மூன்று தொகுதி எழுதினார். கைத்தொழிலாளி தன் மனம்போலச் செதுக்கும் சுதந்திரம்தான் அந்த அழகின் உயிர் என்பது அவர் வாதம். கட்டுமானக்காரர்கள் சுதந்திரத்தை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1872இல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் மனிதர் புலம்புகிறார்: கிரிஸ்டல் பேலஸ் பக்கத்துச் சாராயக் கடைகளில்கூட வெனிஸ் போலித் தூண்தலைகள் வந்துவிட்டன, இதற்குக் காரணம் நான்தான் என்று. பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த மலிவு இலைகளைப் பிடிக்கும். சம்பளக்காரன் குடக்கூலிக்கு இருந்த வீட்டின் முகப்பில் ஒரு பூ இருந்தது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

---

பட்டறிவு

வரி விஷயம் திருத்தியதற்கு நன்றி. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. யாருக்காகக் கட்டினார்கள், யார் கட்டினார்கள்? அரசாங்கம் கட்டியதா?

---

தேன்கூடு

அதை நானும் கேட்கிறேன். எங்கள் தெருவில் ஆறு வீடு ஒரு மாதிரி, அடுத்த எட்டு வீட்டில் கதவு வளைவு கொஞ்சம் மாறுகிறது, அப்புறம் வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று, கிட்டப் போனால் ஒட்டுப்போட்ட துணி.

---

நிலா_லிவர்பூல்

அந்த ஒட்டுதான் விடை. அந்த ஆறு வீடும் ஒருவர் எடுத்த வேலை, அடுத்த எட்டும் இன்னொருவர். நிலத்துச் சொந்தக்காரர் வயலைத் தெருவாகப் பிரித்து, 99 வருடக் குத்தகை போன்ற ஏற்பாட்டில் மனைகளைக் கொடுப்பார். சின்னக் கட்டுமானக்காரர் கடன் வாங்கி நாலைந்து வீட்டை எழுப்பி, விற்று, அந்தப் பணத்தில் அடுத்த நாலைந்தை எழுப்புவார். சந்தை படுத்தால் பாதியில் திவால். வாங்குகிறவர் அதில் குடியிருக்க வாங்குவதில்லை. கைம்பெண், கடைக்காரர், ஓய்வுபெற்றவர் என்று கொஞ்சம் சேமிப்பு வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டார்கள். முதல் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்தில் பத்தில் ஒன்பது குடும்பம் வாடகை வீட்டில் இருந்தது.

கட்டடக்கலைஞர் என்று ஒருவர் பெரும்பாலும் இல்லவே இல்லை. வீட்டின் வடிவத்தைப் போட்டது சட்டமும் கடனும் ரயிலும்தான்.

ரயில் வால்தம்ஸ்டோவின் சொந்தக் கதை. கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே லண்டனின் லிவர்பூல் தெரு நிலையம் வரை பாதை கொண்டுவரக் குடியிருப்புகளை இடிக்க வேண்டியிருந்தது. அனுமதி கொடுத்த 1864ஆம் ஆண்டுச் சட்டத்தில், இடித்துத் துரத்தப்படும் தொழிலாளர்களுக்காக வால்தம்ஸ்டோவிலிருந்தும் எட்மன்டனிலிருந்தும் போக வர இரண்டு பென்னிக்குக் காலை ரயில் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அப்புறம் ஊர் வெடித்தது. 1871இல் 11 ஆயிரம் பேர், 1901இல் 95 ஆயிரம் பேர். முப்பது வருடத்தில். தேன்கூடு, உங்கள் வீடு அந்த இரண்டு பென்னி டிக்கெட்டின் பேரப்பிள்ளை.

---

மூக்குக்கண்ணாடி

சட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன், பட்டறிவு சாருக்குப் பதிலும் அதில் இருக்கிறது. 1875இல் பொதுச் சுகாதாரச் சட்டம். அதை ஒட்டி 1877இல் மாதிரி விதிகள் வெளியிட்டார்கள். உள்ளாட்சிகள் அவற்றை எடுத்துத் தங்கள் விதிகளாக்கிக்கொண்டன. வண்டி போகும் புதுத் தெரு 36 அடி அகலம். வீட்டுக்குப் பின்னால் குறைந்தது 150 சதுர அடி வெற்றிடம். சுவரின் அடியில், தரைமட்டத்துக்கு மேலே, ஈரம் ஏறாத ஒரு அடுக்கு. அதுதான் நாம் டிபிசி என்கிறது, அப்போது பெரும்பாலும் சிலேட்டுக் கல்லை வைத்தார்கள். தெருவுக்குத் தெரு அகலம் ஒன்றாக இருப்பது ரசனையால் அல்ல, விதிப் புத்தகத்தால்.

ஜெரி பில்டர் இருந்தான், மறுக்கவில்லை. சுண்ணாம்பைக் குறைத்துத் தோட்டத்து மண்ணைக் கலந்த சாந்தை நானே விரலால் நோண்டி எடுத்திருக்கிறேன். முன்சுவரில் தலைப்பக்கம் தெரிகிற கல் உள்ளே வரை போய் இரண்டு பாதிச் சுவரையும் கட்டிப்பிடிக்க வேண்டும். விலை கூடிய முகப்புக்கல்லை மிச்சம் பிடிக்க, அதைப் பாதியாக உடைத்துத் தலையை மட்டும் ஒட்டவைத்த வீடுகள் ஏராளம். வெளியே பார்த்தால் நீளக் கல்லும் தலைக்கல்லும் மாறி மாறி வரும் அழகான ஃப்ளெமிஷ் கட்டு, உள்ளே பிடிமானம் இல்லை. அப்படிப்பட்ட முன்சுவர்தான் நூறு வருடம் கழித்து வயிறு தள்ளி நிற்கும். பே சன்னலுக்கு மேலே மாடிச்சுவரைத் தாங்குவது பல வீடுகளில் ஒரு மரவிட்டம். பே சன்னலின் கூரைத் தகடு ஒழுகினால் அது உளுத்துப்போகும். அதையும் பாருங்கள்.

ஆனால் இன்று நிற்பவை பெரும்பாலும் விதிகள் வந்த பிறகு கட்டியவை. அதற்கு முந்திய மோசமானவற்றை 1930களிலும் போருக்குப் பிறகும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் லீட்ஸ் இதில் ஒரு அடம்பிடித்த ஊர். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் இங்கே பிரபலம். பின்சுவரே அடுத்த தெருவீட்டின் பின்சுவர், மூன்று பக்கம் அடைப்பு, வாசல் பக்கம் மட்டும்தான் காற்று. 1866ஆம் ஆண்டு உள்ளூர்ச் சட்டம் எட்டு வீட்டுக்கு ஒரு இடைவெளி விட்டு அதில் கழிப்பறை வைக்கச் சொன்னது. 1909இல் நாடு முழுக்க இந்த வகைக்கே தடை. ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய வரைபடம் இருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி லீட்ஸில் 1937 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள்! இன்றும் ஆயிரக்கணக்கில் மக்கள் வாழ்கிறார்கள். குளிருக்கு மூன்று பக்கமும் போர்வை என்பதால் சூடாக்கும் செலவு குறைவு, அது வேறு கதை.

---

ஈ6_அண்ணை

எனக்கு ஒண்டு விளங்கேல்ல. மான்செஸ்டரில மகள் படிக்கேக்க போனனான். அங்க வீட்டுக்குப் பின்னால ஒழுங்கை இருக்கு. எங்கட ஈஸ்ட்ஹாமில ஒழுங்கை இல்லை, எங்கட பின்வளவும் அடுத்த ரோட்டுக்காரன்ர பின்வளவும் வேலியோட வேலி. ஏன் இந்த வித்தியாசம்?

---

மூக்குக்கண்ணாடி

மலம் அள்ள, அண்ணா. வடக்கே பல ஊர்களில் வாளிக் கழிப்பறையும் சாம்பல் குழியும் நெடுங்காலம் இருந்தன. முற்றத்துச் சுவரில் சின்னக் கதவு, அது வழியாக எடுத்து வண்டியில் ஏற்ற ஒழுங்கை வேண்டும். லண்டன் பக்கம் தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்பும் முறை சீக்கிரம் பரவிவிட்டதால் நிலத்தை ஒழுங்கைக்கு வீணாக்கவில்லை, தோட்டமாக்கினார்கள்.

கல்லும் அப்படியே. லங்காஷயர் பக்கம் அக்ரிங்டன் சிவப்புக் கல், மழமழவென்று இரும்பு மாதிரி இருக்கும். நூறு வருடக் கரிப்புகையில் குளித்தும் விளிம்பு மழுங்கவில்லை. லண்டன் மஞ்சள் கல் மெத்தென்ற சரக்கு, அதனால்தான் அதற்கு சிமென்ட் எமன்.

---

நிலா_லிவர்பூல்

தேன்கூடு கேட்ட முன்முகம், பின்முகம் கேள்வி அப்படியே கிடக்கிறதே. தெருவில் போகிறவர் பார்ப்பது முன்பக்கம், வாடகை நிர்ணயமாவதும் அதை வைத்து. நல்ல கல், சிவப்பு வளைவு, பூ எல்லாம் அங்கே. பின்னால் யார் வரப்போகிறார்கள்? தரம் குறைந்த ஸ்டாக் கல்.

அந்த ஸ்டாக் கல்லுக்கே ஒரு கதை. மண்ணோடு சுண்ணக்கட்டியையும் சாம்பலையும் கலப்பார்கள். சுண்ணம் மஞ்சள் நிறம் கொடுக்கும். சாம்பலில் எரியாத கரித்துணுக்கு இருக்கும், கல் தன் வயிற்றுக்குள்ளேயே எரிந்து வேகும், சூளைக்கு விறகுச் செலவு மிச்சம். சாம்பல் எங்கிருந்து? லண்டன் வீடுகளின் அடுப்புக் குப்பை! குப்பைக் கிடங்கில் சலித்துப் பாய்மரப் படகில் கென்ட் கரைக்கு ஏற்றிப் போவார்கள். அதே படகுகள் திரும்பி வரும்போது செங்கல். ஊரின் சாம்பலே ஊரின் சுவரானது. பின்சுவரில் கருப்புப் பொத்தல் இருந்தால் அது கரித்துணுக்கு எரிந்த இடம்.

1880களில் பீட்டர்பரோ அருகே ஃப்ளெட்டன் கிராமத்தில் இயற்கையாகவே எரிபொருள் கலந்த களிமண் கிடைத்தது. அந்த இளஞ்சிவப்புக் கல் இன்னும் மலிவு. கொஞ்ச காலத்தில் பூச்சுக்குள் மறைகிற சுவருக்கெல்லாம் அதுவே வந்துவிட்டது.

---

பட்டறிவு

சரி, செங்கல்லில் தோற்றேன். வீட்டமைப்பில் விடமாட்டேன். இரண்டு அறை முன்பின்னாக, பின்னால் ஒல்லியாக ஒரு வால். நடு அறைக்கு வெளிச்சம் வருவது வாலுக்கும் வேலிக்கும் நடுவே இருக்கும் சந்திலிருந்து. என்ன திட்டம் இது?

---

நிலா_லிவர்பூல்

மனையின் அகலம் ஐந்து மீட்டர் போலத்தான். தெருவும் சாக்கடையும் போட அடிக்கணக்கில் செலவு, அதனால் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டினார்கள். அந்த வாலில்தான் சமையலறை, பாத்திரம் துலக்கும் இடம், கடைசியில் வெளியே வந்து போகவேண்டிய கழிப்பறை. வால்களை இரண்டிரண்டாக முதுகு ஒட்டவைத்ததால் சுவரும் புகைபோக்கியும் பாதிச் செலவு. உங்கள் வீட்டுத் திட்டத்தைக் கண்ணாடியில் பார்த்தால் பக்கத்து வீடு. குளியலறை என்று ஒன்று திட்டத்திலேயே இல்லை. பிறகு வாலின் நுனியில் செருகினார்கள். அதனால்தான் பல வீட்டில் குளிக்க அடுப்பைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

முன்னறை விருந்தினருக்கு. நல்ல நாற்காலி, நல்ல திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பு. வீட்டில் சாவு விழுந்தால் உடலைக் கிடத்துவதும் அங்கே. மற்ற நாளெல்லாம் குடும்பம் பின்னால் அடுப்பங்கரையில்.

---

ஈ6_அண்ணை

எங்கட முன்னறை இப்ப சாமியறை. அடைச்ச நெருப்படுப்பு மாடத்துக்குள்ள பிள்ளையார் இருக்கிறார். மனுசி சொல்லுறா, வெள்ளைக்காரன் பார்த்துத்தான் கட்டியிருக்கிறான் எண்டு.

---

மூக்குக்கண்ணாடி

பிள்ளையாருக்குப் பின்னால் காற்றுத் துளை விட்டிருக்கிறீர்களா அண்ணா? மேலே புகைபோக்கிக் குழாயும் திறந்து, கீழேயும் அடைத்திருந்தால் மழைநீர் புகைக்கரியின் உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் பழுப்புக் கறையாக இறங்கும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். எத்தனை பெயிண்ட் அடித்தாலும் மேலே வரும். கீழே ஒரு கம்பிவலைத் துளை, மேலே மழை விழாத காற்றுத்தொப்பி, இரண்டும் வேண்டும்.

---

ஈ6_அண்ணை

அந்தக் கறையை நாங்கள் சாம்பிராணிப் புகை எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறம், ஐயா.

---

தேன்கூடு

எல்லோருக்கும் ஆறு வாரம் கழித்து வணக்கம். மூக்குக்கண்ணாடி கேட்ட மூன்றையும் பார்த்தேன்.

முன்வாசல் கான்கிரீட் தளத்தை யாரோ ஒருமுறை போட்டிருக்கிறார்கள், அதன்மேல் இன்னொருவர் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். சுவரோரம் ஒரு அடி அகலத்துக்கு உடைத்துத் தோண்டினேன். ஒன்றரைச் சாண் ஆழத்தில் சுட்டமண் காற்றுக்கல், துளை நிறைய சிமென்ட். அதற்கு மேல் வரிசையில் சாந்துக்கோட்டில் கருநீலமாக ஒரு கீற்று. சிலேட்டு! 1894இல் வைத்தது உடையாமல் அப்படியே இருக்கிறது. தரைதான் அதற்கு மேலே ஏறிப் போயிருக்கிறது. மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் டிபிசியைத் தாண்டிச் சுவருக்குள் போயிருக்கிறது. டிபிசிக்கு ஆறங்குலம் கீழே தரை இறங்கும்படி பள்ளமெடுத்துச் சரளை போட்டாகிவிட்டது.

உள்ளே இரண்டு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். பலகைத்தரைக்குக் கீழே ஓரடிக்கு மேல் வெற்றிடம், குட்டிச் சுவர்கள் மேல் விட்டங்கள். முன்சுவர் ஓரத்தில் ஒரு விட்டத்தின் முனை மட்டும் பொசுபொசுவென்று இருந்தது. தச்சர் அதை வெட்டிப் புது மரம் சேர்த்தார். காற்றுக்கல்லைத் திறந்தபின் முகத்தை அங்கே வைத்தால் சில்லென்று காற்று வருகிறது. சுவர் இன்னும் முழுதாகக் காயவில்லை, பொடி பூப்பது நின்றிருக்கிறது.

மொத்தச் செலவு அந்த நாலாயிரத்தில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை.

---

மூக்குக்கண்ணாடி

ஒன்பது அங்குலச் சுவர் காய ஒரு வருடம்கூட ஆகலாம். அதற்குள் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். உள்பூச்சு விழுந்த இடத்தில் சுண்ணாம்புப் பூச்சே வையுங்கள்.

சாஷ் சன்னல் மாட்டிக்கொள்கிறது என்று எனக்குத் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். கயிறு அறுந்திருக்கும். பக்கவாட்டுப் பெட்டிக்குள் வார்ப்பிரும்பு எடைக்கட்டிகள் தொங்கும். மேல்சட்டத்துக்கு எடை கொஞ்சம் கூடுதலாக, கீழ்ச்சட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் மூடியே நிற்கும். மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

---

பட்டறிவு

எங்கள் 1930 வீட்டுக் காற்றுக்கல்லைப் போய்ப் பார்த்தேன். பூந்தொட்டி வைத்து மறைத்திருக்கிறோம். நகர்த்தியாயிற்று. இதற்கு மேல் நான் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

---

ஈ6_அண்ணை

தேன்கூடு, சந்தோசம். இப்ப எனக்கு வாரும். முன்சுவர் வெள்ளைப் பெயிண்டை எப்பிடிக் கழட்டிறது? மணல் அடிச்சு எடுக்கலாம் எண்டு ஒரு பெடியன் சொன்னவன்.

---

மூக்குக்கண்ணாடி

மணல் வேண்டவே வேண்டாம். பெயிண்டோடு கல்லின் சுட்ட தோலும் போய்விடும். மிகச்சூடான நீராவியை மெல்லிய அழுத்தத்தில் அடிக்கும் முறை இருக்கிறது, அதையும் மறைவான மூலையில் இரண்டு கல்லில் மட்டும் முதலில் செய்துபார்க்கச் சொல்லுங்கள். பின்சுவர் சிமென்ட்டைக் கையுளியால்தான் எடுக்க வேண்டும், மெஷின் கல் விளிம்பை வெட்டும். எங்கே கல்லோடு ஒட்டிப்போய் வர மறுக்கிறதோ, அங்கே விட்டுவிடுங்கள்.

---

தேன்கூடு

அண்ணா, பள்ளம் தோண்டும்போது ஒரு பழைய ஸ்டாக் கல் முழுதாக வெளியே வந்தது. ஒரு பக்கம் பொத்தல், நிலா சொன்ன மாதிரி உள்ளே கருப்பாக எரிந்த குழி. அந்தக் குழிக்குள் நகக்கண் அளவு நீலக்கோடு போட்ட பீங்கான் சில்லு ஒன்று பதிந்திருக்கிறது. யார் வீட்டுத் தட்டோ. கழுவிச் சன்னல் திட்டில் வைத்திருக்கிறேன்.

---

ஈ6_அண்ணை

எறிஞ்சு போடாதேயும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டு அந்தப் பக்கம் வாறன். மனுசி வடாம் தந்துவிடுவா, அம்மாவிட்டச் சொல்லும்.